இரு கண்களும் ஒரு திரையும்

நம் மொழியில் ஒரு வழக்கைக் கூர்ந்து நோக்குமின். கண்கள் இரண்டாயிருந்தும், அவற்றைப்பற்றிப் பேசுங்கால் நாம் பெரிதும் ஒருமையே வழங்குகின்றோம். "கண் கூசுகிறது" என்கிறோம். "கண் தெரியவில்லை" என்கிறோம். "கண் பட்டுவிட்டது" என்கிறோம். கைக்கும் காலுக்கும் வலம், இடம் என வேறுபாடு கூறும் நாக்கு, கண்ணுக்கு நோய் வந்தாலன்றி அவ்வேறுபாட்டைக் கூறுவது அரிது. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுக்குமிடத்தும் கண்ணறிவை நான்காவதாக ஒன்றென்றே எண்ணினார். இவ்வொருமை வழக்கு அனுபவத்தோடு பொருந்தியதேயாம். இரண்டு கண்களும் வெவ்வேறு படங்களைப் பெறுகின்றன. நாம் காண்பதோ ஒரு காட்சி. இரண்டு படங்கள் எங்ஙனம் ஒன்றாகின்றன என்பதையும், அவ்வொன்றாதலை ஒரு தட்டைத் திரையின் வாயிலாகப் படைத்துக் காட்டுதற்கு அத்திரை எத்துணை விரைவுடையதாதல் வேண்டும் என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றேன்.

விடுதியில் மாலை வேளையில் செவி மடுப்போர்க்கு இவ்விஷயம் முற்றும் புதிதன்று. கம்ப்யூட்டர் விளையாட்டில் பற்றுடைய நண்பர் ஒருவர் தம் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்பார். மற்றொருவர் தம்முடையது 240 என்று கூறி அவரை அடக்குவார். அவ்வெண்ணின் பொருள் யாதென வினவின், "ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும்" என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய நீ இதில் தலையிடுவானேன் எனின், என் தம்பியின் பொருட்டு என்பதே என் விடை.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள மங்களூர். 2022ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் விடுமுறையில், தம்பியை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு அவதார் இரண்டாம் பாகம் காணச் சென்றேன். அப்பொழுது அவனுக்கு வயது எட்டு. வாயிலில் ஆளுக்கொரு கறுத்த கண்ணாடி தந்தனர். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கடலடிக் காட்சி வந்தது. எங்களுக்கு முன்வரிசையிலிருந்த சிறுவர் இருவர், தம் முகத்தருகே மிதந்து வந்த சிறு துகள்களைப் பற்ற விரும்பிக் கையை நீட்டி வெறுங்காற்றைப் பிடித்தனர். அரங்கில் சிரிப்பு எழுந்தது. தம்பி என் காதருகே குனிந்து, "அண்ணா, அவர்கள் எதைப் பிடிக்கிறார்கள்?" என்றான். கண்ணாடி அணிந்திருக்கின்றாயா என்று கேட்டேன். "போட்டிருக்கிறேன். கழற்றினால் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது, போட்டால் ஒன்றாகத் தெரிகிறது, வேறொன்றும் இல்லை" என்றான். அவன் குறை கூறவில்லை. பிறர்க்கும் அவ்வளவே தெரியும் என்று எண்ணியிருந்தான். அன்றுவரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அவன் காணாதது யாது என்பதை விளக்கச் சிறு சோதனை ஒன்று போதும். கட்டை விரலை முகத்திற்கு ஒரு முழத் தொலைவில் நிறுத்தி, இடக்கண்ணை மூடியும் வலக்கண்ணை மூடியும் மாறிமாறி நோக்குக. விரல் பின்னுள்ள சுவரின்மேல் இங்குமங்கும் தாவும். கண்கள் ஏறத்தாழ 6½ சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருத்தலின், ஒவ்வொன்றும் தனக்கேயுரிய ஒரு மூலையிலிருந்து உலகைக் காண்கின்றது. அருகிலுள்ள பொருளில் இவ்வேறுபாடு மிகுதி. சேய்மையிலுள்ள பொருளில் குறைவு. நிலவில் அறவே இல்லை. மூளை இவ்வேறுபாட்டை அளந்து தொலைவாக மாற்றிக் கொள்கின்றது. ஊசியில் நூல் கோப்பதும், குவளையில் சிந்தாமல் பால் ஊற்றுவதும், பறந்துவரும் பந்தைப் பிடிப்பதும் பெரும்பாலும் இக்கணக்கின் உதவியால் நடைபெறுவனவே.

இதனைத் தெளிவுற நிறுவியவர் இங்கிலாந்து தேசத்து சார்லஸ் வீட்ஸ்டன் என்பார். பௌதிகம் பயில்வோர் மின்தடை அளக்கும் பாலத்தின் வாயிலாக அவர் பெயரை அறிவர். 1838இல் அவர் ராயல் சங்கத்தின் முன்னிலையில் ஒரு கருவியைக் காட்டினார். இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக நிறுத்தி, வலக்கண் ஒரு கோட்டோவியத்தையும் இடக்கண் மற்றொன்றையும் மட்டுமே காணுமாறு அமைத்தார். இரண்டும் தட்டையான தாளில் வரைந்தவை. எனினும் நோக்குவோர்க்கு அவை ஒன்றாகிக் கனமுள்ள பெட்டியாய் எழுந்து நின்றன. அதற்கு அவர் ஸ்டீரியாஸ்கோப் எனப் பெயரிட்டார். ஸ்டீரியோ என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திண்மை என்பது பொருள். புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது அதற்கு மறு ஆண்டிலேயாம். ஆதலின் தட்டைப் படம் பொறியால் எடுக்கக் கற்குமுன்னரே, திண்படம் காட்டும் வழியை மனிதன் அறிந்திருந்தான் என்னல் வேண்டும். இது எனக்குப் பெருவியப்பை அளித்த செய்தி.

திரையில் எழும் ஆழத்தையும் கணக்கிட்டே கூறலாம். ஒருவர் திரைக்கு 60 சென்டிமீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கின்றார் என்க. ஒரு பந்தின் உருவம் இடக்கண்ணுக்கு வலப்புறமும், வலக்கண்ணுக்கு இடப்புறமுமாக, 6½ சென்டிமீட்டர் விலகிக் காட்டப்படுகின்றது. இரு கண்களின் பார்வைக் கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளுமிடம் திரைக்கும் முகத்திற்கும் சரிநடுவே, 30 சென்டிமீட்டரில் அமையும். பந்து ஆங்கே அந்தரத்தில் நிற்கும். விலக்கத்தை மாற்றி, இடக்கண்ணுக்குரியதை இடப்புறமும் வலக்கண்ணுக்குரியதை வலப்புறமும் அதே அளவில் வைப்பின், கோடுகள் இணைகோடுகளாகி எங்கும் சந்தியா. பந்து அடிவானத்திற்கு அப்பாற் சென்றுவிடும். விலக்கம் இன்றேல் பந்து திரையின்மேலேயே ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டில் மலையும் மாளிகையும் முன்பே முப்பரிமாண அளவுகளாகப் பொறியின் நினைவில் உள்ளன. ஆதலின் பார்க்கும் இடத்தைச் சற்றே நகர்த்தி இரண்டாம் படம் ஒன்றை வரைதல் அப்பொறிக்கு எளிது. உழைப்பு மட்டும் ஏறத்தாழ இருமடங்காகும்.

இனி வருவதே கடினமான வினா. திரை ஒன்று, படங்கள் இரண்டு. வலக்கண்ணுக்குரியது இடக்கண்ணுக்குப் புலனாகாமல் மறைப்பது எங்ஙனம்? சிவப்பும் நீலமுமான கண்ணாடித் தாள்களால் பிரிப்பது பழைய வழி. அதில் நிறங்கள் பாழாகும். திரையரங்குகள் ஒளியின் அதிர்வுத் திசையைக்கொண்டு பிரிக்கின்றன. ஒளி அலை குறித்த ஒரு தளத்தில் மட்டும் அதிர்தலை ஒருமுகப்படுதல் என்பர். செங்குத்தாக அதிரும் ஒளியை விடும் தகடு, கிடையாக அதிர்வதைத் தடுக்கும். இம்முறையாலேயே 1984இல் மலையாளத்தில் மை டியர் குட்டிச்சாத்தான் என்னும் முதல் இந்திய முப்பரிமாணப் படமும், மறு ஆண்டில் தமிழில் அன்னை பூமியும் வெளிவந்தன. என் தந்தையார் சிறுவயதில் குட்டிச்சாத்தான் கண்ட கதையை இன்றும் கூறுவார். திரையிலிருந்து நீண்டு வந்ததை நினைத்து இன்றும் தலையைச் சாய்த்துக் காட்டுவார்.

நேர்த்தள அதிர்வில் ஒரு குறையுண்டு. பார்ப்பவர் தலையைச் சாய்த்தால் கண்ணாடியின் திசையும் சாயும்; ஒரு கண்ணின் படம் மற்றதனுட் கசியும். ஆகலின் இக்காலத்து அரங்குகள் பலவற்றில் ஒளி அலை திருகாணிபோல் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் சுழன்று வருமாறு செய்கின்றனர். இங்ஙனம் சுழலச் செய்வது கால் அலைத் தகடு என்னும் படிகத் தகடு. அது ஒரு நிறத்திற்குச் சரியாக அமைந்தால் பிற நிறங்களுக்குச் சிறிது பிழைபடும் இயல்பினது. பல நிறங்கட்கும் ஒருங்கே பொருந்துமாறு மூன்று தகடுகளைக் குறித்த கோணங்களில் அடுக்கும் முறையை 1955இல் கண்டு வெளியிட்டவர் சி. வி. ராமனுடைய சகோதரி மகனாகிய எஸ். பஞ்சரத்தினம் ஆவார். அப்பொழுது அவர்க்கு ஆண்டு இருபத்தொன்று; பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் கண்ட உண்மை இன்று அவர் பெயராலேயே பஞ்சரத்தினம் கட்டம் என வழங்குகின்றது. 1969இல் ஆக்ஸ்போர்டில் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அவருடைய வயதை என் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் பெரிதும் பயன்பட்டது மூன்றாம் வழி. அது காலத்தால் பிரித்தல். ஒரு கணம் வலக்கண்ணின் படம். மறு கணம் இடக்கண்ணின் படம். அவற்றோடு தாளம் தவறாமல் கண்ணாடியின் இரு சாளரங்களும் மாறிமாறித் திறந்து மூடும். மூடல் கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டுமாயின் மாற்றம் மிக விரைதல் வேண்டும். எவ்வளவு விரைவு?

இதனை எனக்கு முதலில் உணர்த்தியது விருத்தாசலத்துச் சுழல்தட்டு. அந்நகர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பொம்மையும் கிண்ணமும் அகல் விளக்கும் அங்கே உருவாகின்றன. என் தாய்மாமன் அத்தகைய பட்டறை ஒன்றில் வேலை செய்கின்றார். சுழலும் கிண்ணத்தின் விளிம்பில் அவர் தூரிகையால் ஒரு புள்ளி வைத்தால் அது புள்ளியாகத் தெரிவதில்லை, வட்டமாக நீள்கின்றது. கண் ஒரு காட்சியைப் பெற்றபின் அது உடனே அழிவதில்லை. சிறிது நேரம் நிற்கின்றது. அதனினும் விந்தையானது மற்றொன்று. பழைய சோக் பொருத்திய குழல்விளக்கின்கீழ் தட்டைச் சுழலவிட்டு, விளிம்பிலே சம இடைவெளியில் இருபது கீற்றுகள் இட்டிருந்தால், நொடிக்கு ஐந்து சுற்று என்னும் வேகத்தில் அக்கீற்றுகள் அசைவற்று நின்றுவிடும்! சிறிது வேகம் குறைந்தால் பின்னோக்கி ஊரும். காரணம் இதுவே. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. அதனால் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு கீற்று முந்தையதன் இடத்திற்கு வந்து நிற்பதால் எல்லாம் நின்றதுபோல் தோன்றுகின்றது. ஓடும் பொறியை நின்றதென எண்ணிக் கைவைத்துவிடலாகாது என்று பட்டறைகளில் எச்சரிப்பதும் இது குறித்தே. நூறு மினுக்கலை நாம் நேரே உணர்வதில்லை. ஐம்பதை ஓரளவு உணர்வோம், அதுவும் ஒளி மிகுந்தாலும் கடைக்கண்ணால் நோக்கினாலும் மிகுதியாக உணர்வோம். ஆகவே கண்ணொன்றுக்கு நொடிக்கு 60 படமேனும் வேண்டும்; இரு கண்களுக்கும் 120.

இக்கணக்கை அறியாமலே முயன்று தோற்றவர் பலர். அறிந்து முயன்றும் காலத்தோடு ஒவ்வாதவர் ஒருவர். 1922ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கு நகரத்து ஓர் அரங்கில், லாரன்ஸ் ஹாம்மண்ட் என்பவர் ஒவ்வோர் இருக்கையிலும் சுழலும் மூடி பொருத்திய பார்வைக் கருவியை நிறுவினார். அம்மூடிகள் யாவும் படம் காட்டும் பொறியோடு ஒத்துச் சுழன்றன. காட்சி நன்றாகவே இருந்ததாம். ஆயினும் ஓர் அரங்கு முழுவதும் அவ்வாறு அமைக்கும் செலவைத் தாங்குவார் இல்லாமையால் அஃது அவ்வோர் அரங்கோடு நின்றது. மின்சாரத்தின் துடிப்போடு ஒத்தோடும் மோட்டாரில் அவர்க்கிருந்த தேர்ச்சி பின்னர் 1935இல் இசைக்கருவி ஒன்றில் வெளிப்பட்டது. ஆலயங்களில் நாம் கேட்டிருக்கும் ஹாம்மண்ட் ஆர்கன் அதுவே.

விளையாட்டுப் பொறிகளிலும் இவ்வழி புகுந்தது. 1987இல் ஜப்பானில் நின்டெண்டோவும் சேகாவும் தத்தம் பொறிகளுக்குத் திரவப் படிகச் சாளரம் அமைந்த கண்ணாடிகளை விற்றன. அந்நாளைய தொலைக்காட்சி நொடிக்கு 60 படமே காட்டவல்லது. கண்ணொன்றுக்கு 30 வீதமே கிட்டியதால் காட்சி படபடத்துத் தலைவலி தந்தது. பின்னர் வந்த கனத்த குழாய் மானிட்டர்கள் 100, 120 எனக் கூடின, நிலைமை சீர்பட்டது. அவ்வேளையில் மெல்லிய திரவப் படிகத் திரை சந்தையைக் கைப்பற்றி, 60 ஹெர்ட்ஸில் நின்று, முன்னேறியதை எல்லாம் பின்னுக்கு இழுத்துவிட்டது. மெலிவுக்காகவும் மின்சார மிச்சத்துக்காகவும் மக்கள் விரைவைக் கொடுத்துவிட்டனர். கொடுத்ததைப் பெரும்பாலோர் உணரவுமில்லை.

2009இல்தான் திருப்பம் ஏற்பட்டது. என்விடியா என்னும் நிறுவனம் 3டி விஷன் என்ற கண்ணாடியை வெளியிட்டது. அதனோடு இணைந்து இயங்கச் சாம்சங் நிறுவனத்தின் 2233ஆர்இசட், வியூசோனிக் நிறுவனத்தின் ஒரு மானிட்டர் ஆகிய 120 ஹெர்ட்ஸ் திரவப் படிகத் திரைகள் வந்தன. இன்று விளையாட்டாளர் அனைவரும் வேண்டும் விரைவு மானிட்டர், முதலில் விரைவுக்காக மட்டும் பிறந்ததன்று. இரு கண்களுக்கும் வெவ்வேறு படம் தரும் பொருட்டுப் பிறந்தது. நண்பர்கள் பலர் அறியாத செய்தி இது.

ஆயினும் 120 என்ற எண்ணை எட்டியவுடன் துன்பம் தீரவில்லை. திரவப் படிகத் திரை தன் படத்தை ஒரே நொடிப்பில் மாற்றுவதில்லை; மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாக மாற்றிக்கொண்டு செல்கின்றது. ஒவ்வொரு புள்ளியும் பழைய நிறத்தினின்று புதிய நிறத்திற்கு மெல்ல நகர்கின்றது. ஒரு படத்திற்குரிய நேரமோ நொடியில் ஆயிரத்தில் எட்டு பங்கு சொச்சம். மேற்பாதியில் வலக்கண்ணின் படமும் கீழ்ப்பாதியில் இடக்கண்ணின் படமும் கலந்து நிற்கும் வேளையில் சாளரம் திறந்தால், ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் மங்கலான நிழலுருவம் ஒன்று பேய்போல் நிற்கும். 2011இல் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். திரையின் பின்னுள்ள விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல், படம் முழுதும் மாறி அமையும்வரை இருளில் வைத்து, அமைந்தபின் ஒரு கணம் மட்டும் பளிச்சென ஏற்றி அணைத்தனர். லைட்பூஸ்ட் என்பது இதன் பெயர். நிழலுரு பெரிதும் மறைந்தது.

இங்கே எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது. கண்ணாடி அணியாமலே தட்டைப் படத்தில் ஆடுவோர் சிலர், லைட்பூஸ்டைத் தந்திரமாக இயக்கிப் பார்த்து, ஓடும் உருவங்கள் கூர்மையாகத் தெரிவதைக் கண்டனர். ஏன் அவ்வாறு? ஓர் உருவம் திரையில் நொடிக்கு 960 புள்ளி வீதம் ஓடுகின்றது எனக் கொள்வோம். கண் அதனைத் தொடர்ந்து வழுவாமல் நகர்கின்றது. திரையோ ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கின்றது. 60 ஹெர்ட்ஸில் அந்நிறுத்தத்திற்குள் கண் 16 புள்ளி நகர்ந்துவிடும். ஆகவே உருவம் விழித்திரையில் 16 புள்ளி அகலத்திற்கு இழுபட்டுக் கலங்கும். 120இல் 8 புள்ளி, 240இல் 4. படத்தைக் கூட்டுவதற்கு மாறாக விளக்கை மினுக்கினாலும் நிறுத்தம் குறைந்து கலக்கம் தீரும். இரு கண்ணுக்கென்று செய்த உபாயம் இங்ஙனம் ஒற்றைப் படத்திற்கு உரிமையாயிற்று. 60இலிருந்து 120க்கு ஏறுவதில் ஒரு படத்திற்கு ஆயிரத்தில் எட்டு பங்கு மிச்சம். 240இலிருந்து 360க்கு ஏறுவதில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவே. விலையேற்றத்தை நினைந்தால், 144க்கு மேல் செலவிடுவோர் தம் பணப்பையை ஒருமுறை தடவிப் பார்ப்பது நன்று என்பது என் கருத்து. மானிட்டர் 240 ஆயினும் வரையும் பொறி 70 படமே வரையுமாயின், ஏனையவை பழைய படத்தின் மறுபதிப்பே. இதனை நண்பர்க்குக் கூறி அவர் வெகுளிக்கு ஆளானேன்.

அந்நாளைய விரைவுத் திரைகள் பெரும்பாலும் முறுக்கு வகைத் திரவப் படிகத்தால் ஆனவை. விரைவில் அவை சிறந்தன. ஆனால் பக்கவாட்டிலோ கீழிருந்தோ நோக்கின் நிறம் திரிந்து தோன்றும். அக்குறையைப் பெரிதும் குறைத்தது, திரையின்மேல் ஒட்டும் மெல்லிய படலம் ஒன்று. அதனை 1990களில் ஜப்பானிய நிறுவனமான ஃபூஜி வெளிக்கொணர்ந்தது. அப்படலத்தில் அமைந்தவை தட்டு வடிவ மூலக்கூறுகள். அதுவரை திரவப் படிகம் என்றாலே குச்சி வடிவ மூலக்கூறு என்றே உலகம் எண்ணியிருக்க, தட்டு வடிவத்திலும் அது நிகழும் என்று 1977இல் முதற்கண் காட்டியவர் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்து எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவர். சந்திரசேகர் முன்னர்க் கூறிய பஞ்சரத்தினத்தின் தமையனார். விண்மீன்களை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறொருவர். அரங்கின் கண்ணாடியில் தம்பியின் ஒளியியலும், மேசையின் மானிட்டரில் தமையனின் கண்டுபிடிப்புமாக இக்குடும்பம் நம் கண்முன் நிற்பதை நாம் அறியாதே நோக்கிக் கொண்டிருக்கிறோம்.

இத்துணை முயன்றும் இரட்டைப் படம் மேசையில் நிலைக்கவில்லை. 2019இல் என்விடியா 3டி விஷனுக்கு ஆதரவை நிறுத்திற்று. காரணங்கள் ஒளிவு மறைவற்றவை. ஒவ்வொரு சாளரமும் பாதி நேரம் மூடியே இருத்தலானும், ஒளி வடிதகடுகளைக் கடத்தலானும் திரை மங்கும். கண்ணாடியின் விலையும் மானிட்டரின் விலையும் வரையும் பொறியின் விலையும் சேரும். இவற்றினும் ஆழ்ந்தது உடலைச் சார்ந்த ஒரு முரண். மெய்யுலகில் அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு விழிகளும் உட்புறம் திரும்புவதும், விழிக்குள்ளிருக்கும் ஆடி தடிப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன. திரையில் எழுந்த பந்துக்கோ விழிகள் 30 சென்டிமீட்டருக்குத் திரும்ப, ஆடி மட்டும் 60 சென்டிமீட்டரில் உள்ள திரைமேல் நின்றாக வேண்டும். பிறப்பு முதல் இணைந்தே இயங்கியவற்றைப் பிரிக்கும்போது தலை வலிக்கின்றது. தலையில் அணியும் கருவிகளுக்கும் இம்முரண் உண்டு. எனினும் அவற்றில் கண்ணுக்கொரு திரைப்பகுதி இருத்தலின், முறை மாற்றிக் காட்டும் தொல்லை இல்லை. 2016இல் வந்த ஆக்குலஸ் ரிப்ட் 90 ஹெர்ட்ஸில் இயங்கிற்று. 2025இல் சாம்சங் வெளியிட்ட ஒடிஸி 3டி, கண்ணாடியே இன்றி, காண்பவர் விழியைத் தொடர்ந்து நோக்கி இரு படங்களையும் அவ்வவ் விழிக்குத் திருப்பி விடுகின்றது. அதன் விரைவு 165 ஹெர்ட்ஸ்.

தம்பியின் செய்திக்கு மீள்கின்றேன். அவனுடைய இடக்கண் சிறுபிராயம் முதலே உட்புறம் சற்றுத் திரும்பியிருந்தது. பாட்டியார் அதனை அதிர்ஷ்டக் கண் என்பார். மாறுகண் யோகம் என்று உற்றார் வாழ்த்தினர். குவளையில் நீர் ஊற்றும்போது சிந்தினால் கவனக்குறைவு என்று அடித்தோம். பந்து பிடிக்கத் தவறினால் நானே நகைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து திரும்பியபின் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாறுகண் உடைய குழந்தையின் மூளைக்கு இரு படங்களும் ஒத்துவருவதில்லை. இரட்டைத் தோற்றத்தைத் தவிர்க்க அது ஒரு படத்தைத் தள்ளிவிடுகின்றது. தள்ளப்பட்ட கண் நலமாயிருந்தும் பார்க்கக் கற்பதில்லை. சோம்பல் கண் என்பது அதன் பெயர். ஹூபல், வீசல் என்ற இருவர் 1960களில் பூனைக் குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்து, அக்கண்ணுக்குரிய மூளை அணுக்களைப் பெரும்பாலும் மறுகண் எடுத்துக்கொள்வதைக் கண்டனர். 1981இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஆகவே சிகிச்சை இளமையிலேயே தொடங்கல் வேண்டும். ஏழு வயதைக் கடந்தால் பயனில்லை என்று முன்பு எண்ணியிருந்தனர். 7 முதல் 12 வயதுவரை உள்ள சிறாரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் சிகிச்சையால் முன்னேறினர் என்று 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எட்டு வயதில் சென்ற எங்களுக்கு அவ்வெண் ஒன்றே பற்றுக்கோடாயிற்று.

நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மறைத்தல் பழைய முறை. பள்ளியில் அவனை ஒற்றைக்கண் ராஜா என்று அழைத்தனர். இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் தரும் விளையாட்டே இந்நோய்க்கு மருந்தாகலாம் என்ற எண்ணம் அப்பொழுதுதான் எனக்குத் தெரியவந்தது. 2013இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார், வயது வந்தோர் பதினெண்மரைக்கொண்டு ஒரு சோதனை செய்தனர். டெட்ரிஸ் ஆட்டத்தில் விழும் கட்டிகளை ஒரு கண்ணும், கீழே அடுக்கியவற்றை மறுகண்ணும் மட்டுமே காணுமாறு அமைத்தனர். இரு கண்களும் கூடி உழைத்தாலன்றி ஆட்டம் நடவாது. இவ்வாறு ஆடியோர், கண்ணை மறைத்து ஆடியோரினும் மிகுதியாக முன்னேறினர். 2016இல் 385 சிறாரிடம் இதுபோன்ற ஓர் ஆட்டத்தைச் சோதித்தபோதோ, அது ஒட்டுத்துணியை வெல்லவில்லை. 2021இல் அமெரிக்க அரசின் மருந்து அதிகாரிகள், 4 முதல் 7 வயதுச் சிறார்க்கு, தலையில் அணியும் கருவியில் இரு கண்ணுக்கும் வேறுபடுத்திக் காட்டும் படங்களைக் கொண்ட லூமினோபியா என்னும் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தனர். இவற்றைப் படித்து மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டு, துணியை விடாதே, விளையாட்டை மேலதிகமாக வைத்துக்கொள் என்றார். விடுமுறைதோறும் சிவப்பு நீலக் கண்ணாடியுடன் அவன் கட்டிகளை அடுக்குகின்றான். நான் அருகிலிருந்து எண்ணுகின்றேன்.

ஆழப்பார்வையைச் சோதிக்க மருத்துவர் வைத்திருக்கும் புத்தகத்தில் பெரிய ஈயின் படம் ஒன்றுண்டு. ஒருமுகக் கண்ணாடி அணிந்து நோக்கின் அதன் சிறகுகள் தாளினின்று எழும்பி நிற்கும். சிறகைப் பிடி என்றால், நல்ல பார்வையுடைய குழந்தை தாளுக்குமேலே அந்தரத்தில் விரல்களைக் கூட்டும். முதல்முறை தம்பியின் விரல் நேரே தாளில் போய்ப் படிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு முறையும் அவ்வாறே படிந்தது. இவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் சென்றபோது, விரல் தாழ்ந்து வந்து, தாளைத் தொடுமுன் ஒரு விரற்கடை உயரத்தில் நின்று, தயங்கிக் கூடிற்று. அதே புத்தகத்தில் ஈக்கு அடுத்துள்ள சிறு வட்டங்களில் எது எழும்பி நிற்கிறதென்று கேட்டபோது அவனால் கூற இயலவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றான். ஆறு திங்கள் கழித்து மீண்டும் வருமாறு மருத்துவர் எழுதித் தந்திருக்கின்றார்.